உலர் ஈஸ்டா, திரவ ஈஸ்டா?

இந்தப் பதிவு பீர் பற்றியது. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளலாம். நானும் முதலில் சுளித்தவன்தான்.

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் இருக்கும் என் மூத்த மகன் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறான். அங்கே அது குற்றமில்லை. அதிபர் கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்ட சட்டப்படி, இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. இங்கே தர்மபுரியில் ஒரு குடம் ஊறல் போட்டால் போலீஸ் வரும். ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கைத் தொடங்கியதே அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். தர்மபுரி அப்போது அதற்குள் இருந்தது. சட்டம் இருந்தும் என் சித்தப்பா கள்ளச் சாராயத்தில்தான் போனார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வாடையே ஆகாது.

அதனால்தான் மகன் இத்தனை நாள் என்னிடம் மூச்சு விடவில்லை. போன மாதம் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அப்பா, உலர் ஈஸ்ட் வாங்கறதா, திரவ ஈஸ்ட் வாங்கறதா? இதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்?"

முப்பத்தோரு வருஷம் பால் பண்ணை ஆய்வகத்தில் தயிருக்கு உறை வளர்த்தவன் நான். தொழில் சம்பந்தமான கேள்வி. பதில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது தாய் உறை. காய்ச்சி ஆறிய பாலில் தினமும் மாற்றி விட வேண்டும். ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் புகுந்துவிட்டால் அன்றைக்குத் தயிர் உறையாது. பிறகு உலர்த்திய உறை பொட்டலத்தில் வந்தது, நிம்மதியாகத் தூங்கினோம்.

ஈஸ்டும் அப்படித்தான். திரவ ஈஸ்ட் குளிரிலேயே இருக்க வேண்டும், நாளாக ஆகச் செத்துக்கொண்டே வரும். பழசானால் மால்ட் கரைசலில் முன்கூட்டியே வளர்த்துப் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்டின் வெயிலோ நம் ஊர் சித்திரை மாதிரி. பார்சல் வாசலில் கிடந்தால் தீர்ந்தது. உலர் ஈஸ்ட் 11 கிராம் பொட்டலம், ஃபிரிட்ஜில் ஓரிரு வருஷம் தாங்கும். சாதாரண பீர் 20 லிட்டருக்கு ஒன்று போதும், அப்படியே தூவிவிடலாம்.

திரவத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அதில் கிடைக்கும் வகைகள் அதிகம். ஜெர்மன் கோதுமை பீரில் வரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஈஸ்ட் உண்டாக்குவதுதான். பழமோ கிராம்போ யாரும் போடுவதில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஹான்சன் 1883-ல் ஈஸ்டைத் தனி இனமாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அதற்கு முன்னெல்லாம் போன முறை காய்ச்சியதன் மண்டியை எடுத்து அடுத்ததில் விடுவார்கள். எங்கம்மா கேழ்வரகுக் கூழுக்குப் பழைய புளித்த மாவு ஒரு கரண்டி விடுவாளே, அதே கணக்கு.

"இப்போதைக்கு உலர்ந்ததையே போடு. பாத்திரம் சுத்தமாக இருக்கட்டும், சூடு 20 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள். கோதுமை பீர் ஆசை இருந்தால் டிசம்பரில் திரவம் வரவழை" என்றேன்.

டிசம்பரில் நாங்களும் அங்கே போகிறோம். "ருசி பார்ப்பீங்களா?" என்று கேட்டான். மாட்டேன், மோந்து மட்டும் பார்க்கிறேன் என்றேன். வெண்ணெய் வாசம் அடித்தால் கண்டுபிடித்துவிடுவேன். டயசெட்டைல். வெண்ணெயில் அதற்குப் பாராட்டு. பீரில் பெரும்பாலும் அது குறை.