ரயில், ரூம், கொஞ்சம் அரசியல்

பொம்மை ரயில் விடுறது, வீட்டை இடிச்சுக் கட்டுறது, அரசியல்வாதியைக் கலாய்க்கிறது. இந்த மூணுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? மூணும் ஒரே ரூம்ல சந்திச்ச கதை ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் சொந்தக் கதை. பயப்படாதீங்க, சின்னதுதான்.

எங்க வீட்டு மாடி ரூமை இப்போ இடிச்சுக் கட்டிட்டு இருக்காங்க. கொத்தனார் அண்ணன் ஒரு சுவரையே எடுத்துட்டார். ஆனா அந்த ரூம் யாருக்குங்கிற பஞ்சாயத்து இன்னும் முடியலை. அப்பாவுக்கு அதை வாடகைக்கு விடணும். அம்மாவுக்குக் கொலுப்படியும் பொம்மைப் பெட்டிகளும் வைக்க இடம் வேணும். எனக்கு ஒரு ஓரம் கிடைச்சாப் போதும், மாடல் ரயில் விடுவேன். "பி.காம் மூணாவது வருஷம் படிக்கிறவன் பேசுற பேச்சாடா இது?"ன்னு அப்பா கேக்குறார். (வாடகை வர்ற ரூம்ல ரயில் விட்டா அதுக்குப் பேர் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட். அவர் கட்டின ஃபீஸ்ல நான் படிச்சதுதான்!)

எனக்கு வேண்டிய இடம் எவ்வளவு தெரியுமா? கழட்டிப் போட்ட ஒரு பழைய கதவு, அவ்வளவுதான். மாடல் ரயில்ல உலகத்துல அதிகம் புழங்குறது ஹெச்.ஓ அளவு. நிஜத்துல 87ல ஒரு பங்கு. ஐரோப்பாவுல தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். 87ல வகுத்தா 16.5 வருது, அதான் பொம்மைத் தண்டவாளத்தோட இடைவெளி. நம்ம ஊர் அகலப் பாதையோ 1,676. அதை வகுத்தா 19க்கு மேல வரும். அதனால நம்ம ஊர் ரயிலை இந்தத் தண்டவாளத்துல விட்டா, குண்டு மாமா சின்ன சைக்கிள்ல போற மாதிரி இருக்கும். :) நெருக்கமான வளைவுக்கு ஆரம் சுமார் 36 செ.மீ. அப்போ ஒரு முழு வட்டத்துக்கு 72 செ.மீ. மூணு அடி கதவுன்னா 91 செ.மீ. தாராளமா ஒரு ரயில் சுத்தி வரலாம், ஸ்டேஷனுக்கும் இடம் இருக்கும்.

சின்னப் பசங்க விளையாட்டுன்னு நினைக்காதீங்க. 'ராக்' பாடகர் ராட் ஸ்டூவர்ட் தெரியும்ல? லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டு மேல்மாடியில 20 வருஷத்துக்கு மேல உக்காந்து, 1940கள் அமெரிக்க நகரம் ஒண்ணை ரயிலோட கட்டியிருக்கார் மனுஷன். 2019ல 'ரயில்வே மாடலர்' பத்திரிகையில படம் வந்துச்சு. பி.பி.சி. ரேடியோவுல ஒருத்தர், இதெல்லாம் அவரே பண்ணியிருக்க மாட்டார்ங்கிற மாதிரி பேசிட்டார். ஸ்டூவர்ட் நேரா ரேடியோவுக்கே போன் போட்டு, 90 சதவீதம் நான் என் கையால பண்ணதுன்னு சண்டைக்கு வந்துட்டார். பாட்டை யாராவது குறை சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு கோபம் வந்திருக்குமான்னு தெரியலை.

சரி, இப்போ அந்த ரூமுக்கு வருவோம். ஜெர்மனியில ஹோர்ஸ்ட் சீஹோஃபர்னு ஒரு அரசியல்வாதி. 2008ல இருந்து 2018 வரைக்கும் பவேரியா மாநில முதல்வர். ஷாம்ஹவுப்டன்ங்கிற ஊர்ல அவருக்கு விடுமுறை வீடு. அந்த வீட்டு நிலவறையில (அதாவது தரைக்குக் கீழ இருக்குற ரூம்ல) ஒரு மாடல் ரயில் வெச்சிருக்கார். 2010ல 'டேர் ஷ்பீகல்' பத்திரிகை அவரைப் பத்தி ஒரு பெரிய கட்டுரை போட்டுச்சு. கட்டுரை ஆரம்பிக்கிறதே அந்த நிலவறையிலதான். அதுல ஒரு விஷயம் வருது: கூட்டணியில பெரிய கட்சித் தலைவி, நாட்டோட சான்ஸ்லர் ஆங்கெலா மெர்க்கல். அவங்க போட்டோவைச் சின்னதாக் காப்பி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பொம்மை மேல ஒட்டி, டீசல் இன்ஜின்ல உக்கார வெச்சிருக்காராம். இவர் சுவிட்சைத் தட்டினா அந்தம்மா சுத்துவாங்க!

அரசியல் நகைச்சுவைன்னா இது. கார்ட்டூன் போடுறவங்க மண்டையை உடைச்சு யோசிச்சாலும் கிடைக்காது. ஒரு வரி வசனம் இல்லாம, ஒரு மனுஷனோட ஆசை மொத்தமும் அந்த இன்ஜின்ல இருக்கு.

2011 மே மாசம் அந்தக் கட்டுரைக்கு ஹென்றி நானென் பரிசு கிடைச்சுது. ஜெர்மன் பத்திரிகைக்காரங்களுக்கு அது பெரிய கௌரவம். மேடையில நிருபரைக் கேட்டப்போ, நான் அந்த நிலவறைக்குப் போனதில்லைன்னு சொல்லிட்டார். சீஹோஃபர் சொன்னதையும், போய்ப் பார்த்தவங்க சொன்னதையும் வெச்சு எழுதினதாம். சில நாள்லயே நடுவர் குழு பரிசைத் திரும்ப வாங்கிடுச்சு. பத்திரிகை ஒத்துக்கலை. எழுதின தகவல் எதுவும் தப்பில்லை, நேர்ல பார்த்தேன்னு அவர் எங்கயும் சொல்லவும் இல்லைன்னு வாதாடினாங்க. ரெண்டுமே நியாயமான பாயிண்ட்தான்.

ஆனா என் ஓட்டு நடுவர் குழுவுக்கு. எங்க ஆடிட்டிங் பாடத்துல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. 1938ல அமெரிக்காவுல மெக்கெஸ்ஸன் அண்ட் ராபின்ஸ் கம்பெனியில பெரிய மோசடி வெடிச்சுது. கணக்குல இருந்த சரக்கு குடோன்ல இல்லவே இல்லை. ஆடிட்டருங்க பேப்பரை மட்டும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்க ஆடிட்டர் நேர்ல போய் ஸ்டாக் எண்ணுறதைப் பார்க்கணும்ங்கிறது வழக்கமாச்சு. சரக்கு நிஜமாவே இருக்கலாம். ஆனா நீ பார்த்தியா, இல்லை ஓனர் சொன்னதை எழுதினியாங்கிறது வேற கேள்வி. சீஹோஃபர் ரயில் விஷயத்துல ஓனர் யாரு? தன்னைப் பத்தி ஒரு நல்ல கதை வெளிய வரணும்னு நினைக்கிற அரசியல்வாதி! அவர் சொன்ன ஜோக்கை நாம அவரைப் பத்தின ஜோக்குன்னு நம்பிச் சிரிச்சிருந்தா, ஏமாந்தது யாரு?

நிஜ மெர்க்கல் அந்த இன்ஜின் பொம்மை மாதிரி இல்லைங்கிறதுதான் இதுல உச்சம். 2015 நவம்பர்ல சீஹோஃபர் தன் கட்சி மாநாட்டு மேடையில அவங்களைப் பக்கத்துல நிக்க வெச்சே அகதிகள் விஷயமாப் பாடம் எடுத்தார். அவங்க கேட்டுட்டுப் போய், தன் வழியிலயே போனாங்க. 2018ல இவர் ராஜினாமாங்கிற வரைக்கும் போய், அப்புறம் உள்துறை அமைச்சராவே தொடர்ந்தார். 2019 ஜனவரியில கட்சித் தலைமையை விட்டார். அந்தம்மா 2021 டிசம்பர் வரைக்கும் சான்ஸ்லர். சுவிட்ச் யார் கையில இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

இதே ரயில் நகைச்சுவையை நேர்மையா பண்ணவங்களும் அதே நாட்டுல இருக்காங்க. ஹாம்பர்க்ல 2001ல திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட், உலகத்துலயே பெரிய மாடல் ரயில் கண்காட்சின்னு பேர் வாங்கினது. 2017 ஜனவரியில டிரம்ப் முதல் தடவை பதவி ஏத்தப்போ, அங்க இருக்குற குட்டி அமெரிக்காவைச் சுத்திச் சுவர் எழுப்பி, முள்கம்பியும் போட்டுட்டாங்க. பேச்சே இல்லை. டிக்கெட் வாங்கிட்டுப் போனவங்க எல்லாரும் தன் கண்ணாலயே பார்த்தாங்க.

எனக்குப் பிடிச்சது இந்த ரெண்டாவது வகைதான். கிண்டலுக்குப் பலம் வர்றது அதுக்கு அடியில இருக்குற நிஜத்துனாலதான். அதனால இனிமே யாராவது "அமைச்சர் வீட்டுல என்ன வெச்சிருக்கார் தெரியுமா மச்சான்?"னு ஆரம்பிச்சா, நல்லாச் சிரிங்க, தப்பில்லை. சிரிச்சு முடிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீ நிலவறைக்குள்ள போனியா?"