மலிவும் மதிப்பும்

குறைந்த விலைக்கு வாங்குவது வேறு. குறைந்த செலவில் முடிப்பது வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது எந்த நூலும் அன்று. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு பழைய காரும், அதனை உயிராய் நேசித்த என் தந்தையாருமே அப்பாடத்தின் ஆசிரியர்கள்.

எண்ணூர் என்றதும் லாரிகளும் பேருந்துகளும் உருவாகும் தொழிற்சாலை நம் நினைவுக்கு வரும். ஆனால் அங்கு முதலில் உருவானவை கார்கள் என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். ரகுநந்தன் சரண் 1948-ஆம் ஆண்டு தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில் பூட்டி விற்றது. 1955-இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. என் தந்தையார் தமது இருபதாம் வயதில் அங்கு வேலைக்குச் சேர்ந்து, கார்களுக்கு விளக்கும் வயரும் பொருத்தும் பணியைச் செய்தார். பின்னாளில் இராயபுரத்து வணிகர் ஒருவரின் கொட்டகையில் கிடந்த ஆஸ்டின் ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கினார். "இது நான் வயர் பூட்டின வண்டியாகவும் இருக்கலாம்" என்பார். உறுதியாகச் சொன்னதில்லை, இல்லை என்றும் ஒப்பியதில்லை.

2004-ஆம் ஆண்டு அவருக்கு அகவை எழுபத்து நான்கு. நெஞ்சுவலி கண்டு மருத்துவமனையிலிருந்து மீண்டிருந்தார். "அந்த வண்டியிலே ஒருமுறை எண்ணூர் கேட் வரைக்கும் போய் வரணும்" என்றார். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றே. எஞ்சினைப் பழுதுபார்க்க ஆள் கிடைத்தார். வயரிங்கோ கண்ணீர் வரவழைக்கும் நிலையில் இருந்தது. நூல் உறை சுற்றிய பழைய வயர்களை எலிகள் பாதி தின்றிருந்தன. மீதியைக் கடற்காற்றின் உப்பு கருக்கியிருந்தது.

இங்கிலாந்தில் அக்காருக்கென்றே அச்சு மாறாமல் செய்யப்படும் வயரிங் தொகுதி கிடைக்கும் என அறிந்தேன். விலையோ என் இரண்டு மாதச் சம்பளம். அந்த ஜூன் மாதத்தில்தான் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே கடையொன்றில், எந்தக் காருக்கும் பொருந்தும் என்று கூறி விற்ற மலிவான 'வயரிங் கிட்' ஒன்றை வாங்கிப் பூட்டச் செய்தேன். மூன்றாம் நாள் இரவு, தந்தையாரை அருகில் அமர்த்தி ஓட்டிப் பார்த்தேன். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே செல்லுகையில் டேஷ்போர்டின் அடியிலிருந்து புகை எழுந்தது. பேட்டரி இணைப்பைப் பிடுங்கி எறிந்த பின்னரே புகை நின்றது. இருளில் நின்ற வண்டியில் அவர் தம் மார்பைப் பிடித்தவாறு அமர்ந்திருந்த காட்சியை இன்றும் மறக்கவியலவில்லை.

மறுநாள் காலை அவரே காரணம் கண்டுபிடித்தார். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையேயுள்ள தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு வயரின் மெல்லிய உறையை அறுத்துவிட்டது. உள்ளிருந்த இழையைக் கத்தியால் சுரண்டினார். செம்புப் பூச்சின் அடியில் வெள்ளை தெரிந்தது. அஃது அலுமினியம்! "பழைய கிட்டைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்றார். நல்லவேளை, போடவில்லை.

பழைய தொகுதியைக் கூடத்துத் தரையில் பரப்பினோம். அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, நான் சீட்டெழுதிக் கட்டினேன். பழுப்பு, பேட்டரியின் நேர்வழி. வெள்ளை, சாவியிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு. பச்சை, பியூஸைக் கடந்து வைப்பருக்கும் பெட்ரோல் அளவுகாட்டிக்கும். நீலம், முகப்பு விளக்கு. சிவப்பு, பக்க விளக்கும் பின்விளக்கும். கறுப்பு, எர்த். இக்காரில் எர்த்தாக உடலோடு இணைவது பேட்டரியின் நேர்முனை என்பதையும் அழுத்திச் சொன்னார். நிறங்கள் மங்கிய இடத்தில், இரு முனைகளையும் பேட்டரியும் சிறு பல்பும் கொண்டு சோதித்தோம். சிதைந்த ஏட்டுச்சுவடியில் விடுபட்ட எழுத்தை முன்பின் நோக்கி உய்த்துணரும் பயிற்சி எனக்கு அன்று கைகொடுத்தது.

அடுத்து வந்தது அளவு. அக்காலத்து வயரை இழை எண்ணிக்கையால் குறித்தனர்: 14 இழை, 28 இழை, 44 இழை. இழை ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர், எனவே அவை முறையே 1, 2, 3 சதுர மில்லிமீட்டர் செம்பு. 42 வாட் விளக்கு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 7 ஆம்பியர் ஓடும். ஐந்து மீட்டர் நீளத்தில் 14 இழை வயர் ஏறத்தாழ 0.6 வோல்ட்டை விழுங்கும். 28 இழை அதில் பாதியையே விழுங்கும். டைனமோவின் சுமையைத் தாங்க 44 இழை வேண்டும். எல்லாவற்றிற்கும் தடித்த வயர் வாங்குவது வீண். எல்லாவற்றிற்கும் மெல்லியது வாங்குவது கேடு. தேவையறிந்து நிறமும் அளவும் எழுதிக்கொண்டு புதுப்பேட்டைக்குச் சென்று, நல்ல செம்பு வயரை மீட்டர் கணக்கில் வாங்கினேன். திம்பிள், உறை, ரப்பர் வளையம் எல்லாம் சேர்ந்தும் இங்கிலாந்து விலையில் நான்கில் ஒரு பங்கே ஆயிற்று. ஏமாந்த கிட்டின் விலையைச் சேர்க்கவில்லை; அதனைப் பாடத்திற்குச் செலுத்திய கட்டணமாகக் கொண்டேன்.

ஓரிடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆதியில் முகப்பு விளக்குகளுக்குப் பியூஸ் இல்லை. நான் புதிதாகப் பியூஸ் வைக்க வேண்டும் என்றேன். "கம்பெனி கொடுத்ததை மாத்தக் கூடாது" என்றார் அவர். "அத்தா, அந்தப் புகையை நான் இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "சரி, வெளியே தெரியாம வை" என்று இசைந்தார். மரபைப் பேணுவதற்கும் உயிரைப் பேணுவதற்கும் இடையே அவர் கண்ட அவ்வழி எனக்கு இன்றும் முன்மாதிரி.

பதினைந்து நாள்களில் பணி நிறைவுற்றது. ஒரு மாலை, கதிரவன் மறைந்தபின், இராயபுரத்திலிருந்து காசிமேடு வழியாகக் கடலோரச் சாலையில் எண்ணூர் சென்றோம். தொழிற்சாலை வாயில் எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னார். விளக்கை அணைத்தார், மீண்டும் போட்டார். வேலை முடிந்து வெளியே வந்த இளைஞர் சிலர் நின்று பார்த்தனர். "இது எந்த ஊர் வண்டி, பெரியவரே?" என்று ஒருவர் கேட்டார். "இந்த ஊர் வண்டிதான் தம்பி" என்றார் என் தந்தையார்.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "பழுப்பு வயரை மட்டும் மறந்துடாதே. அதுக்குப் பியூஸ் கிடையாது." அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். கூடத்துத் தரையில் எழுதிய சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். இங்கிலாந்துத் தொகுதியை வாங்கும் வசதி எனக்கு இருந்திருந்தால், அச்சீட்டுகள் எழுதப்பட்டிரா. அவர் அறிந்தவை அவரோடு போயிருக்கும்.

மாணவச் செல்வங்களே! வாங்கும் பொருள் எதுவாயினும், விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் உறையைச் சுரண்டி உள்ளிருப்பதைப் பாருங்கள். உங்கள் இல்லத்து முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பல வயர்கள் எங்கிருந்து எங்குச் செல்கின்றன என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும்.