மிதுன ராசியின் மழை

மேல்நாட்டுப் புத்தகங்கள் ஆகஸ்டு மாதத்துப் பெர்சியஸ் பொழிவையே பெரிதும் போற்றினாலும், அது தோன்றும் திசை நமக்கு வடவானில் தாழ்ந்து கிடப்பதாலும், அந்த மாதத்து மேகங்களை நம்ப முடியாததாலும், எரிநட்சத்திரங்களைப் படம்பிடிக்க விரும்பும் தமிழ்நாட்டார் டிசம்பர் 13, 14 தேதிகளின் இரவுக்குக் காத்திருப்பதே உசிதம். புனர்பூச நட்சத்திரத்தை அடுத்துக் கிளம்புகிற மிதுன ராசிப் பொழிவு அன்றுதான் உச்சம் அடைகிறது. வடகிழக்குப் பருவமழை விலகி, சந்திரனும் இல்லாதிருந்தால், காவலூர் வானாராய்ச்சி நிலையம் அமைந்திருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் போய் முக்காலியை ஊன்றலாம்.

இக்கலைக்குப் புதிதாய் வருகிறவர்கள், ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோமோ அவ்வளவு பிரகாசமாக எரிநட்சத்திரம் விழும் என்று எண்ணுவது சகஜம். நட்சத்திரம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று ஒளியைச் சொரிவதால் அதன் விஷயத்தில் இது உண்மை. விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் மிதுனப் பொழிவின் துகளோ, படத்தின் ஒரு புள்ளியில் தங்குவது விநாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் என்பதால், அந்தப் புள்ளியை அது தாண்டிப் போன பிறகு லென்ஸ் திறந்திருக்கும் ஒவ்வொரு கணமும் வானத்தின் பின்னணியை வெளுக்கச் செய்யுமேயன்றிக் கோட்டுக்கு ஒளி கூட்டாது. ஆகவே அகலக் கோண லென்ஸின் வாயை 2.8 அளவுக்கேனும் திறந்து, ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை உயர்த்தி, 15 அல்லது 20 விநாடிப் படங்களை இடைவிடாமல் எடுத்துக்கொண்டே போவதுதான் வழி. பெர்சியஸ் துகள்களின் வேகம் 59 கிலோமீட்டர் என்பதை நினைத்தால், 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன் என்ற சிறுகோள் உதிர்த்த இந்த மந்தகதிக் கூட்டம் காமிராக்காரனிடம் எவ்வளவு தயவு காட்டுகிறது என்பது விளங்கும். இத்தகைய சௌகரியம் ஒன்றும் இல்லாமலே, 1885 நவம்பர் 27 அன்று, பிராக் நகரில் வானியலறிஞர் லாடிஸ்லாஸ் வைனெக் கண்ணாடித் தகட்டில் ஒரு கோட்டைப் பிடித்துவிட்டார்; எரிநட்சத்திரத்தின் முதற் படம் அதுவே.

காமிராவை நேரே மிதுனத்துக்குத் திருப்புவதும் எனக்குச் சம்மதமில்லை. அங்கே துகள்கள் நம்மை நோக்கியே வருவதால் கோடுகள் குறுகிப்போகும். சற்று விலகிய திசையில் நீண்டு விழும். இரவு 2 மணி சுமாருக்கு ராசி உச்சியை நெருங்கும்போது வரத்து மிகுதி. லென்ஸில் பனி படிவதும் அந்த வேளையில்தான். கண்ணாடியைத் தொட்டுத் துடைக்காமல், லென்ஸைச் சுற்றிச் சூட்டுப் பட்டை ஒன்றைக் கட்டிவிடுவது நலம்.

இப்படி இரவெல்லாம் சேர்ந்த படங்களிலிருந்து கோடுகளைப் பொறுக்கி ஒரே வானத்தில் ஒட்டும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. பூமியின் சுழற்சிக்குத் தக்கபடி நட்சத்திரங்களைப் பொருத்தி ஒட்டினால், எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியிலிருந்து விரிவது தெரியும். அது சாஸ்திரத்துக்கு உகந்த காரியம். அழகுக்காக இஷ்டப்படி இறைத்து வைப்பதோ பொய். எதுவாயினும், அது எத்தனை மணி நேரத்துத் தொகுப்பு என்பதைப் படத்தின் அடியில் ஒரு வரியாவது எழுதிவிடும்படி இக்கலையில் ஈடுபட்ட நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.