கப்பல் பட்டறையில் ஒரு பலகை



சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் போலந்து நாட்டுக்குப் போய்வந்தேன் என்றதும் என் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்ட முதல் கேள்வி, "அங்க என்ன சார் இருக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பானேன் என்று என் மனைவியே கேட்டாள்.

நான் போனது பால்டிக் கடலோரம் உள்ள கிடான்ஸ்க் என்ற பழைய துறைமுக நகரம். டான்சிக் என்பது ஜெர்மானியர் அதற்கு வைத்த பெயர். 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இரண்டாம் உலகப் போரின் முதல் பீரங்கிக் குண்டுகள் சில இந்த ஊரின் வாசலில்தான் விழுந்தன. 1945இல் பழைய நகரத்தின் பெரும்பகுதி எரிந்து மண்ணாயிற்று. இன்று நாம் கண்டு வியக்கும் வீதிகள் பழையபடியே மறுபடி கட்டப்பட்டவை.

ஆற்றங்கரையில் கரிய மரத்தாலான உயர்ந்த கட்டடம் ஒன்று நிற்கிறது. 1442 முதல் 1444 வரை கட்டிய பளுதூக்கி அது. உள்ளே போய்ப் பார்த்தால் மாபெரும் மரச்சக்கரங்கள். அந்தக் காலத்தில் இயந்திரம் ஏது? ஆட்கள் சக்கரத்துக்குள் ஏறி நடந்துகொண்டே இருப்பார்கள், சக்கரம் சுழலும், கயிறு இழுபடும், 4 டன் வரை சரக்கு மேலே ஏறும். நாள் முழுதும் நடந்தும் ஓரடிகூட முன்னேறாத நடை!

பழைய மாவு ஆலை ஒன்றில் 2021 முதல் அம்பர் அரும்பொருளகம் இருக்கிறது. அம்பர் என்றால் கல் என்று நினைத்திருந்தேன். அது மரத்துப் பிசினாம், சுமார் 4 கோடி ஆண்டுக்கு முன் வடிந்து இறுகியது. மங்கில் விழுந்த பூச்சியை விரலால் எடுத்தெறிந்த கை நம்முடையது அல்லவா? அந்தப் பிசினில் விழுந்த பூச்சியை எடுத்தெறிய அப்போது மனிதனே பிறக்கவில்லை. கால், இறக்கை எல்லாம் கெடாமல் அப்படியே கிடக்கிறது. (ரப்பர் பால் வேறு, பிசின் வேறு. எங்கள் அறிவியல் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்.)

ஓவியப் பிரியர்களுக்குத் தேசிய அரும்பொருளகத்தில் மெம்லிங் வரைந்த 'இறுதித் தீர்ப்பு' இருக்கிறது. 1473இல் இவ்வூர்க் கப்பல் தலைவன் ஒருவன் நடுக்கடலில் கொள்ளையடித்து வந்த படம். பின்னர் நெப்போலியன் பாரிசுக்குக் கொண்டுபோனான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லெனின்கிராடில் இருந்து, 1956இல் வீடு திரும்பியது. நடுவில் ஒரு தேவதூதர் தராசு பிடித்து மனிதரை எடை போடுகிறார். பால் நிறுக்கும் இடத்தில் நின்று பழகியவர்களுக்கு அந்த முகங்களில் உள்ள பயம் உடனே புரியும்.

இனி, நான் அரை நாள் நின்ற இடத்துக்கு வருகிறேன். கப்பல் கட்டும் பட்டறையின் வாசலருகே 2014இல் திறந்த அரும்பொருளகம் அது. துருப்பிடித்த இரும்புத் தகடு போர்த்த கட்டடம். முதல் அறையில் தலைக்கு மேலே வரிசை வரிசையாகத் தொழிலாளரின் மஞ்சள் தலைக்கவசங்கள். பக்கத்தில் ஒரு பளுதூக்கியின் ஓட்டுநர் அறை.

அன்னா வாலென்டினோவிச் என்ற அம்மாள் அத்தகைய ஓட்டுநர் அறையில் உட்கார்ந்து வேலை செய்தவர். 1950இல் பட்டறையில் சேர்ந்து இரும்பு ஒட்டும் வேலை பார்த்தார். பிறகு பளுதூக்கி ஓட்டினார். சங்கத்து வேலையில் ஈடுபட்டதற்காக 1980 ஆகஸ்டில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஐந்தே மாதம். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகஸ்டு 14ஆம் நாள் பட்டறை நின்றது. அந்த அம்மாளைத் திரும்ப வேலைக்கு எடு என்பதே முதல் கோரிக்கை. மூன்றாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது: வேலையும் தருகிறோம், சம்பளமும் கூட்டுகிறோம் என்றது. வேலைநிறுத்தம் முடிந்தது என்று தலைவர் லெக் வலேசா அறிவித்து, ஆட்களும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்போது சில பெண்கள், அவர்களில் அன்னாவும் ஒரு தாதியும் டிராம் ஓட்டுநர் ஒருவரும், வாசலுக்கு ஓடி ஆட்களைத் தடுத்தார்கள். நமக்கு ஆதரவாக வேலையை நிறுத்திய சிறு ஆலைக்காரர்களின் கதி என்ன? கேட்டது கிடைத்த பிறகும், கிடைக்காதவர்களுக்காக அவர் வாசலில் நின்றார். நான் அங்கே வெகுநேரம் யோசித்து நின்றது இதைத்தான்.

அதன் பிறகு எழுந்தவைதாம் 21 கோரிக்கைகள். இரண்டு ஒட்டுப்பலகைகளில் கையால் எழுதி வாசலில் மாட்டினார்கள். ஆகஸ்டு 31ஆம் நாள் அரசாங்கம் கையெழுத்திட்டது. மறு ஆண்டு டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்தபோது பலகைகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

எங்கள் தோட்டத்தை விற்று லயத்தைக் காலி செய்தபோது, என் தாயாரின் பால்வெட்டுக் கத்தியையும் நெற்றி விளக்கையும் பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போட்டவன் நான்தான். அந்தத் தலைக்கவசங்களைப் பார்த்தபோது அது ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

பலகையைப் படம் பிடித்து வந்தேன். பெற்றோர் கூட்டம் முடிந்தபின் சிலருக்குக் காட்டி, ஒவ்வொரு கோரிக்கையாகச் சொல்லிக்கொண்டு போனேன். சுதந்திரத் தொழிற்சங்கம், ஓய்வு பெறும் வயது, மருத்துவ வசதி, வீடு, சனிக்கிழமை விடுமுறை. பதினேழாவது, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் இடம். நம் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை என்போமே, அதுதான்.

பின்வரிசையில் நின்ற ஓர் அம்மா, "அந்தப் பதினேழை இன்னொரு தரம் படிங்க சார்," என்றார். படித்தேன்.