கொன்றையும் ஆவாரையும் பாகம் பிரிந்த கதை

ராயகிரிக்கு மேற்கே மலையும், கிழக்கே சங்கரன்கோவிலைக் கடந்தால் குருவிகுளம் பக்கத்துக் கரிசலும் அமைந்திருப்பதனால், கொன்றை, ஆவாரை, நிலாவாரை, காட்டுக்கொள் என்ற நான்கையும், ஒரு பருவத்தில் இல்லாவிட்டால் மறுபருவத்திலாவது பறித்துவந்து ஒரே மேஜைமீது பரப்பிப் பார்க்கும் பாக்கியம் எங்களூரில் தாவர சாஸ்திரம் பயின்றவனுக்கு எளிதில் வாய்க்கிறது. செடிகளைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் தைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டுவதையே ஜீவனமாகவும் பிற்காலத்தில் பொழுதுபோக்காகவும் கொண்டுவிட்ட எனக்கு, இந்த நான்கும் நான் படித்த காலத்தில் காசியா என்ற ஒரே பேரினத்தின் பிள்ளைகள். இன்றோ அவை மூன்று வீடுகளில் குடியிருக்கின்றன: கொன்றை காசியாவிலேயே, ஆவாரையும் நிலாவாரையும் சென்னாவில், காட்டுக்கொள் கமேகிரிஸ்டாவில்.

இந்தப் பாகப்பிரிவினை நேற்று முளைத்த விவகாரம் அன்று. பிரெஞ்சு தேசத்துத் தூர்ன்ஃபோர் 1700ஆம் ஆண்டிலேயே காசியாவையும் சென்னாவையும் வேறு வேறாக வைத்திருந்தார். அவற்றை ஒன்றாகச் சேர்த்தவர் லின்னேயஸ். ஹெர்மன் இலங்கையில் சேகரித்த உலர்செடிகளைக் கொண்டு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூலே எழுதிய அந்த மகான், 1753இல் தம் பெருநூலை வெளியிட்டபோது கொன்றை, ஆவாரை யாவற்றையும் காசியா என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்துவிட்டார். லண்டனில் செல்ஸி மருந்துத் தோட்டத்தைப் பராமரித்துவந்த பிலிப் மில்லர் 1768லும் சென்னாவைத் தனியே வைத்தார். மூயெங்க் 1794இல் கமேகிரிஸ்டா என்ற மூன்றாவது பேரினத்தை நிறுவினார். ஆயினும் லின்னேயஸின் கீர்த்திக்கு முன்னே இவர்களுடைய அபிப்பிராயம் நெடுங்காலம் எடுபடவில்லை. சென்னை ராஜதானியின் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936இல் முடித்த நூலும் எல்லாவற்றையும் காசியா என்றே பேசுகிறது.

ஆனால் புஷ்பத்தைப் பிரித்து லென்ஸின் கீழ் வைத்துப் பார்ப்பவனுக்கு லின்னேயஸின் தீர்ப்பு அவ்வளவு சுலபமாக மனத்தில் ஒட்டுவதில்லை. சரக்கொன்றையின் பூவில் கேசரங்கள் பத்து. அவற்றுள் கீழ்ப்புறத்து மூன்று மட்டும் நீண்டு, முதலில் ஒரு பக்கமும் பின்னர் மறுபக்கமுமாக இரண்டு முறை வளைந்து, மகரந்தப்பையைப் பூவுக்கு வெளியே ஏந்திக்கொண்டிருக்கின்றன. இடைத்தரமான நான்கும், பெயரளவுக்கே உள்ள குட்டை மூன்றும் உள்ளே ஒதுங்கியிருக்கின்றன. ஆவாரம்பூவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இரட்டை வளைவு இல்லை; காம்பு குட்டையாகவும் நேராகவும் நிற்க, பை தடித்து, நுனியில் மட்டும் திறக்கும் துவாரத்தோடு விளங்குகிறது. கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து ரீங்காரமிட்டு உலுக்கினாலன்றி அந்தத் துவாரத்தின் வழியாக மகரந்தம் சிந்தாது. கொன்றையின் பூக்காம்பில் சிறு செதில்கள் உண்டு, மொட்டுப் பருவத்திலேயே தேடாவிட்டால் உதிர்ந்துபோகும். ஆவாரையில் அவை இல்லவே இல்லை, அதற்குப் பதிலாக ஒவ்வோர் இலைச்சோடிக்கும் நடுவே ஒரு தேன்சுரப்பி நிமிர்ந்து நிற்கிறது. காயைச் சொல்லவே வேண்டாம்: கொன்றைக்காய் தடிபோல் திரண்டு, தானாக வெடிக்காமல், அறை அறையாகக் கறுத்த சதையோடு தொங்குகிறது, ஆவாரைக்காய் காகிதம்போல் தட்டை, காட்டுக்கொள்ளின் காயோ முற்றியதும் சடக்கென்று வெடித்து, இரு ஓடுகளும் முறுக்கிக்கொள்ள, விதையைத் தூர எறிகிறது.

இவ்வளவையும் ஜார்ஜ் பெந்தாம் கண்டிருந்தார். 1871இல் அவர் எழுதிய காசியா ஆராய்ச்சியில் பேரினத்தை உடைக்காமலேயே மூன்று உட்பிரிவுகளாக வகுத்தார். அவற்றின் எல்லைகள் ஏறக்குறைய இன்றைய மூன்று பேரினங்களின் எல்லைகளே. நியூயார்க் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த இர்வினும் பார்னபியும் 1982இல் அமெரிக்கக் கண்டத்து இனங்களை ஆயிரம் பக்கங்களை நெருங்கும் நூலில் ஆராய்ந்து, அந்த உட்பிரிவுகளைப் பேரினங்களாக உயர்த்தினார்கள். (பார்னபி பல்கலைக்கழகத்தில் தாவர சாஸ்திரம் படித்தவரல்லர் என்பதை என் மாணவர்களிடம் நான் அடிக்கடி, கொஞ்சம் விஷமத்தோடு சொல்வதுண்டு.) பிரிவினையைப் பெயர் மாற்றும் வியாதி என்று குறைகூறியவர்கள் எங்கள் தொழிலிலேயே நிரம்ப உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கூட்டம் இருக்கிறதா என்பது பூவைப் பார்த்து முடிவாகிற விஷயம். அந்தக் கூட்டத்துக்கு எந்தப் பதவி கொடுப்பது என்பதுதான் மனிதனுடைய நிர்ணயம். பெந்தாமுக்கும் பார்னபிக்கும் இருந்த வித்தியாசம் இரண்டாவதில் மட்டுமே. பின்னர் வந்த மரபணு ஆராய்ச்சிகளும் மூன்றையும் தனித்தனிக் குலங்களாகவே காட்டியதால், இன்று பழைய காசியாவில் மிஞ்சியவை ஏறத்தாழ முப்பது இனங்கள். சென்னாவும் கமேகிரிஸ்டாவும் நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொண்டு போய்விட்டன.

இதற்கெல்லாம் ஹெர்பேரியத் தாளில் செய்யவேண்டிய காரியம் மிகச் சிறியது. அதற்கென்று ஒரு தர்மம் உண்டு. பழைய சீட்டைக் கிழிக்கலாகாது, அதன்மேல் மை பூசலாகாது, அதை மறைத்து ஒட்டவும் கூடாது. பக்கத்தில் ஒரு சிறு சீட்டில் புதிய பெயர், நிர்ணயித்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதி ஒட்டவேண்டும். ஆவாரைத் தாள் ஒன்றைக் கையில் எடுத்தால், பாதரச விஷம் தோய்ந்து பழுத்த அந்தக் காகிதத்தின் வலது மூலையில் காசியா, அதற்கு மேலே சென்னா, குடும்பத்தின் பெயரும் சிசால்பீனியேசியே என்பதிலிருந்து ஃபேபேசியே என்று மாறியதற்கான அடையாளம் என மூன்று கையெழுத்துகள் அடுக்கடுக்காகத் தென்படும். 2017இல் அவரைக் குடும்பத்தை ஆறு துணைக்குடும்பங்களாக வகுத்தபோது, கருவேலும் தொட்டாற்சுருங்கியும் ஆவாரையோடு ஒரே துணைக்குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. அதற்கும் இடம் விட்டே ஒட்டவேண்டும். ஆவாரையை உலர்த்துகையில் ஒற்றுத்தாளைத் தினந்தோறும் மாற்றாவிட்டால் சிற்றிலைகள் கறுத்து உதிர்ந்துவிடும். சிற்றிலை உதிர்ந்தாலும் காதுபோன்ற இலையடிச் செதில் ஒன்றிரண்டு காம்பில் நிலைத்திருந்தால் போதும், இனத்தைச் சொல்லிவிடலாம்.

நிலாவாரையின் வரலாறு இன்னும் சுவாரஸ்யமானது. லின்னேயஸ் அதற்குக் காசியா சென்னா என்று பெயரிட்டார். வால் என்பவர் 1790இல் அரபு நாட்டுச் செடியைக் காசியா அங்குஸ்டிஃபோலியா என்றும், நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்போடு சென்ற டெலீல் அந்நாட்டுச் செடியைக் காசியா அக்யூட்டிஃபோலியா என்றும் பிரித்தார்கள். இரண்டும் ஒன்றே என்று பிற்காலத்தவர் தீர்த்த பின்னர், பேரினம் சென்னா ஆனபோது ஒரு சங்கடம் எழுந்தது. தாவரப் பெயரிடல் விதிகளின்படி பேரினப் பெயரும் இனப் பெயரும் ஒன்றாக இருக்கலாகாது. ஆகவே சென்னா சென்னா என்று எழுத வழியில்லாமல், மில்லர் 1768இல் இட்டிருந்த சென்னா அலெக்ஸாந்திரினா உயிர்பெற்றது. இவ்விதமாகத் திருநெல்வேலிச் சென்னா என்று உலகச் சந்தையில் பெயர்பெற்று, தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் இலைக்கு எகிப்தியப் பட்டணத்தின் பெயர் வாய்த்தது.

கரிசல் பக்கத்தில் மானாவாரியாக இதை விளைவித்து, இலையை நிழலில் உலர்த்தி விற்கும் நண்பர் ஒருவரிடம் இந்த ஐக்கியத்தை விவரித்தபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெண்டும் ஒரே செடின்னு சொல்லுதீய, அப்பம் மருந்துப் பொஸ்தகத்துல எதுக்கு ரெண்டு பேரு போட்டு வச்சிருக்கான், அண்ணாச்சி?” என்றார். நியாயமான கேள்வி. ஐரோப்பிய மருந்துநூல்கள் அலெக்ஸாந்திரியாக் காயையும் திருநெல்வேலிக் காயையும் நெடுங்காலம் தனித்தனித் தலைப்பில் வைத்திருந்தன. முன்னது இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் அகலமானது, நம்முடையது ஒடுக்கமானது, பேதிக்குக் காரணமான சென்னோசைடின் அளவுக்கும் தனித்தனி வரம்பு விதித்திருந்தார்கள். சரக்கை எடைபோட்டு வாங்குகிறவனுக்கு விளைந்த நிலமும் காயின் பருமனும் முக்கியம். எனக்குப் பூவின் கேசரம் முக்கியம் என்றேன். அவர் ஒரு காயை எடுத்து என் தாளின்மீதே வைத்து, அகலம் பார்க்க ஸ்கேல் கேட்டார்.