ருத்ராவின் கால்கள்

ஒரு மெட்டல் குழு பாணியை மாற்றிவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் காது கொடுப்பது டிரம்ஸ் வாசிப்பவரின் காலுக்குத்தான். கித்தார், குரல், அட்டைப்படம் எல்லாம் அப்புறம். திருவிழாக் காலத்தில் உறுமி மேளம், மற்ற ராத்திரிகளில் டபுள் பெடல் என்று மலேசியாவின் பாரிட் புந்தாரில் ஓடுகிற ஆள் வேறெதைக் கவனிப்பான்? (வீட்டைச் சுற்றி வயல். எதிர்ப்புத் தெரிவிப்பவை தவளைகள் மட்டும்.)

ஜெர்மனியின் ஹெலோவீன் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இலும் 1988இலும் வந்த ‘கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்’ ஆல்பத்தின் இரண்டு பாகங்களும்தான் பவர் மெட்டலுக்கு அரிச்சுவடி. கீழே இங்கோ ஷ்விஷ்டன்பெர்க் இரண்டு காலையும் விடாமல் ஓட்டுவார். மேலே மைக்கேல் கிஸ்கே குரலை நீட்டிக்கொண்டே போவார். 1993இல் ‘கமீலியன்’ வந்தது. சாக்ஸபோன், அகூஸ்டிக் கித்தார், நிதானமான பாட்டுகள். கால் ஓட்டம் பெரும்பாலும் காணோம். ரசிகர்கள் கொதித்தார்கள். இங்கோவும் கிஸ்கேயும் குழுவை விட்டுப் போக, 1994இல் புதுப் பாடகர் ஆண்டி டெரிஸுடன் பழைய வேகம் திரும்பியது. ‘கமீலியன்’ மோசமான ஆல்பம் என்று நான் சொல்லமாட்டேன். ‘விண்ட்மில்’ இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் அதில் என்னைப் போன்றவன் உட்கார நாற்காலி இல்லை.

நம் ஆட்கள் வேறு வழியில் போனார்கள். சிங்கப்பூர்த் தமிழர்கள் 1992இல் தொடங்கிய ருத்ரா, பவர் மெட்டல் அல்ல; அதைவிடக் கரடுமுரடான டெத் மெட்டல். பாடுவது வேதாந்தம். 1998இல் முதல் ஆல்பம், 2001இல் ‘தி ஆரியன் க்ரக்ஸ்’, 2003இல் ‘குருக்ஷேத்ரா’. ‘தி ஆரியன் க்ரக்ஸ்’ வந்த வருஷம்தான் இங்கே பிளாக் மெட்டல் பீதி கிளம்பியது. கறுப்புச் சட்டை போட்டவனெல்லாம் சந்தேகத்துக்குரியவன்; அந்தப் பட்டியலில் வேதாந்தம் பாடுகிறவனை எங்கே சேர்ப்பார்கள் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். 2005இல் ‘பிரம்மவித்யா’ என்ற தலைப்பில் மூன்று ஆல்பங்களின் வரிசையைத் தொடங்கினார்கள். அடுத்த இரண்டும் 2009, 2011இல் வந்தன. முன்பு பாட்டுக்குப் பொருளாக இருந்த வேதாந்தம் இப்போது ஆல்பத்தின் எலும்பாகவே ஆனது. சமஸ்கிருத ஓதல் உறுமல் குரலோடு சேர்ந்து நின்றது. கால் மட்டும் நிற்கவில்லை.

ஓதலும் கால் ஓட்டமும் ஏன் பொருந்துகின்றன என்பது வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். கீதையில் பெரும்பாலான சுலோகங்கள் அனுஷ்டுப்: பாதத்துக்கு எட்டெழுத்து, நாலு பாதம், மொத்தம் 32. மெட்ரோனோமை 180இல் வையுங்கள். ஓர் அடிக்கு நாலு உதை என்றால் விநாடிக்கு 12. ஓர் அடிக்கு ஓர் எழுத்து என்று ஓதினால், ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே நாலு உதை ஓடும்; ஒரு சுலோகம் முடிவதற்குள் 128. இதுவரை வெறும் கணக்கு. சிக்கல் உள்ளே இருக்கிறது. பொதுவாக ஐந்தாம் எழுத்து குறுகும், ஆறாம் எழுத்து நீளும். ஓதுகிறவர் அந்த ஆறில்தான் சாய்வார். டிரம்மர் வழக்கம்போல் ஒன்றில் கிராஷ் சிம்பலைப் போட்டால் சுலோகம் பள்ளி அணிவகுப்பாகிவிடும். ஆறில் போட்டுப் பாருங்கள், ஓதல் அதன் நடையிலேயே இருக்கும். கால் தன் பாட்டுக்கு ஓடும்.

உறுமியிலும் இப்படித்தான்: ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்க்கிறோம், மறுபக்கம் அடிக்கிறோம். தேய்ப்பு இழுக்கும், அடி வெட்டும். எங்கள் மேளத்தில் இருக்கும் ஒரு பையனுக்கு ருத்ராவைப் போட்டுக் காட்டினேன். “அண்ணே, அவரு மெதுவாத்தானே ஓதுறாரு, கால் ஏன் இப்படிப் பறக்குது?” என்றான். “அவரு மெதுவா ஓதுறதாலதான்டா பறக்க முடியுது” என்றேன். மூஞ்சியைச் சுளித்தான். ஆனாலும் மறுபடி போடச் சொன்னான்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஓதல் வாசல் தோரணமாக வந்து, அது முடிந்ததும் பாட்டு தன் வழியில் போய்விடும் இடங்களும் ருத்ராவிடம் உண்டு. அங்கே எனக்குப் பொறுமை போய்விடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் இடங்களுக்காகத்தான் அந்த மூன்று ஆல்பங்களைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

டபுள் பெடல் பழக வருகிற பையன்களிடம் இப்போது முதலில் குச்சியை வாங்கி வைத்துவிடுகிறேன். கால் மட்டும் ஓடட்டும், வாய் எட்டெட்டு எழுத்தாகச் சொல்லட்டும். தேவாரமோ சினிமாப் பாட்டோ, எட்டில் அடங்கினால் போதும். ஆறாம் எழுத்தை இழுக்கும்போது கால் தயங்காத அன்றைக்குக் குச்சியைத் திருப்பிக் கொடுப்பேன்.