பூட்டின பக்கம் எங்கே இருக்கும்?

எங்கட குழுவில் புனைபெயரில் எழுதுறவங்களின் உண்மைப் பெயர்கள் ஒரு கோப்பில் இருக்கு. கடவுச்சொல் போட்டுப் பூட்டின கோப்பு. அது இருக்கிற மடிக்கணினி கல்குடாவில இருந்து வாழைச்சேனைக்கு, மறுகா மட்டக்களப்புக்கு எண்டு கைமாறித் திரியுது. அதனால இது எங்களுக்கு வெறும் கணினிப் பாடம் இல்லை: தட்டின கடவுச்சொல் எங்கே போகுது?

முதலில் ராமுக்கு. லினக்ஸ் கேர்னல் ராமைப் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம் சாதாரண கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட். இடம் போதாவிட்டால், கொஞ்ச நேரம் தொடாத பக்கங்களை வட்டில் உள்ள ஸ்வாப்புக்கு எழுதிவிடும். கணினியை அணைத்தால் ராமில் இருந்தது அழியும், வட்டில் எழுதினது கிடக்கும். கடவுச்சொல் இருந்த பக்கமும் அப்படிப் போயிருந்தால் கோப்பைப் பூட்டி என்ன பலன்?

இதுக்குத்தான் எம்லாக். இந்தப் பக்கத்தை ராமை விட்டு வெளியேற்றாதே எண்டு நிரல் கேர்னலிடம் கேட்கும். கேட்டதெல்லாம் கிடைக்காது. எல்லா நிரலும் பூட்டத் தொடங்கினால் மற்றதுகளுக்கு இடம் ஏது? சாதாரண பயனருக்கு நெடுங்காலம் 64 கிலோபைட்தான் எல்லை, 5.16 பதிப்பில் 8 மெகாபைட் ஆச்சு. இன்னொரு வில்லங்கம்: ஒரு பக்கத்தை ரெண்டு தரம் பூட்டினாலும், ஒரு தரம் திறந்தால் திறந்ததுதான்.

எம்லாக் பக்கத்தை ராமில் வைத்திருக்கும். ராமுக்குள்ளேயே இடம் மாறாது எண்டு சொல்லாது. வாவியில் ஒற்றைக் கயிற்றில் கட்டின தோணி மாதிரி, காணாமல் போகாது, ஆனால் அசையும். வலைப்பின்னல் அட்டை போன்ற சாதனம் நேராக ராமில் எழுதும்போது அசைவு கூடாது. அதுக்குப் பக்கத்தைக் குத்தி நிறுத்த வேணும். முன்பு குத்தின பக்கத்துக்கும் சும்மா பார்க்க எடுத்த பக்கத்துக்கும் கேர்னலுக்கு வித்தியாசம் தெரியாது. கோப்பு முறைமை, இந்தப் பக்கத்தை வட்டில் எழுதியாச்சு எண்டு கணக்கை முடிக்கும்; சாதனமோ இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். தரவு கெடும். 2020இல் வந்த 5.6 பதிப்பில்தான் ‘பின் யூசர் பேஜஸ்’ எண்டு தனி வழி வந்தது. எங்களுக்கு இந்தப் பகுதிதான் நல்லாப் பிடிச்சது.

எங்கட பெயர்க் கோப்புக்கு வந்தால், எம்லாக்கின் விளக்கப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கு: மடிக்கணினியை உறங்க வைக்கையில் ராமின் பிரதி வட்டில் எழுதப்படலாம், பூட்டின பக்கங்களும் சேர்த்துத்தான். ஹைபர்னேட் வேலை செய்யும் விதமே அது. ஆகவே அதை நிறுத்திட்டம். ஸ்வாப்பையும் மறைகுறியாக்கியாச்சு. இப்ப கைமாறும்போது முழுசா அணைச்சுத்தான் குடுக்கிறம்.